கிரேக்கக் கடவுள்களுக்கு இன்று ஊர் இருக்கிறதா?

கேள்வி – 3 நவம்பர் 2024

கிரேக்கப் புராணத்தைப் பற்றி எழுதித் தள்ளுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கடவுள்களின் அரசனான ஜீயஸுக்கு இன்று விளக்கேற்றுவது யார்? கும்பிட ஆளில்லாத கடவுள் வெறும் கதாபாத்திரம். அங்கே மிச்சம் இருப்பது உடைந்த தூணும் டிக்கெட் கவுண்டரும்தான். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

3 நவம்பர் 2024, இரவு

நான் மறுக்கிறேன். ஆனால் உங்கள் பக்கம் இருக்கிற நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கி.பி. 392இல் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடை செய்தார். கோயில்கள் மூடப்பட்டன, சில இடிக்கப்பட்டன, சில தேவாலயங்கள் ஆயின. இன்று கிரீஸில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். பழைய தெய்வங்களை மறுபடி வணங்கும் சிறு குழுக்கள் உண்டு. 2017இல் கிரேக்க அரசு அவர்கள் சமயத்தை அங்கீகரித்தது. அவர்களை வைத்து நான் வாதாடப் போவதில்லை. அவர்கள் இல்லாவிட்டாலும் என் வாதம் நிற்கும்.

என் வாதம் எலெஃப்சினா என்ற ஊரை வைத்து. நான் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். 2023 இலையுதிர் காலத்தில் எங்கள் கப்பல் எலெஃப்சினா வளைகுடாவில் பழுதுபார்க்க நின்றது. ஏதென்ஸிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, சிமெண்ட், இரும்பு உருக்கு, கப்பல் பட்டறை என்று ஒரு நூற்றாண்டாகப் புகையில் வளர்ந்த ஊர். வளைகுடாவில் கைவிடப்பட்ட கப்பல்கள் பாதி மூழ்கி, துருவேறிச் சாய்ந்து கிடக்கும். அங்கே யாரும் தேனிலவுக்குப் போவதில்லை.

அந்த ஊர்தான் எலூசிஸ். பழைய உலகத்தின் மிகப் பெரிய ரகசியச் சடங்கு ஓராயிரம் ஆண்டுக்கும் மேலாக நடந்த இடம்.

4 நவம்பர் 2024

கதை தெரியாதவர்கள் சிலர் கேட்டதால் சுருக்கமாக. டெமீட்டர் தானியத் தாய். மகள் பெர்செஃபோனி பூப்பறித்துக்கொண்டிருந்தபோது நிலம் பிளந்து, பாதாளத்தின் அரசன் ஹேடிஸ் தேரில் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டான். தாய் தீவட்டி ஏந்தி ஒன்பது நாள் தேடினாள். பிறகு கிழவி வேடத்தில் எலூசிஸுக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்தாள். அரசன் கெலியோஸின் பெண்கள் தண்ணீர் எடுக்க வந்தவர்கள், பரிதாபப்பட்டு வீட்டுக்கு அழைத்துப்போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். தெய்வம் என்று தெரிந்த பிறகு அவளுக்குக் கோயில் கட்டினார்கள். அவள் கோயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு விதை முளைக்காதபடி செய்தாள். உலகம் பட்டினி. ஜீயஸ் பணிந்து மகளைத் திருப்பி அனுப்பச் சொன்னான். ஆனால் அவள் பாதாளத்தில் மாதுளை விதையைத் தின்றுவிட்டாள். அதனால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு கீழே, மீதி மேலே.

இதில் எனக்குப் பிடித்த இடம் கிணறு. அது இன்னும் இருக்கிறது. தொல்லியல் வளாக வாசலுக்குள் நுழைந்ததும் வழியோரத்தில் தரைமட்டத்தில், வட்டமாக, மிக நேர்த்தியாக வெட்டிய கல் விளிம்போடு. கொஞ்சம் தள்ளி ஹேடிஸின் குகை; பெரிய ஆழமெல்லாம் இல்லை, பாறையில் ஒரு குடைவு. கதையில் ஒரு தெய்வம் பேரண்டத்தையே பட்டினி போடுகிறது; அது நடந்த இடமோ ஒரு தெருவின் நீளம்கூட இல்லை. அங்கே நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தக் கதையை உண்டாக்கியவர்கள் வானத்தைப் பார்த்து உண்டாக்கவில்லை. தங்கள் ஊர்க் கிணற்றையும் ஊர்ப் பாறையையும் காட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

6 நவம்பர் 2024

சரி, விளக்கேற்றுவது யார் என்ற கேள்விக்கு வருகிறேன்.

இடிபாடுகளுக்கு மேலே உள்ள குன்றின் விளிம்பில் சின்னத் தேவாலயம் ஒன்று இருக்கிறது, பக்கத்தில் ஒரு மணிக்கூண்டு. தேவாலயத்தின் பெயர் பனாயியா மெசோஸ்போரிட்டிஸா. பாதி விதைப்பு முடிந்த காலத்து மாதா என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதாவைக் கோயிலில் காணிக்கையாகக் கொடுத்த திருநாள் நவம்பர் 21. முதல் நாள் மாலை ஊர்ப் பெண்கள் இங்கே ஏறி வருகிறார்கள். கையில் துணியில் சுற்றிய வட்ட ரொட்டி, பாத்திரத்தில் பொலிஸ்போரியா. வீட்டில் உள்ள எல்லாத் தானியத்தையும் பயறையும் ஒன்றாக வேக வைத்தது அது.

எங்களுக்கு அன்று ஷோர் லீவ் கிடைத்திருந்தது. நானும் எங்கள் ஃபிட்டரும் போனோம். அவர் தூத்துக்குடிக்காரர், என்னைவிட மூத்தவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாதிரியார் ரொட்டி வரிசையை ஆசீர்வதித்து முடித்ததும் ஒரு பாட்டி எங்களைப் பார்த்தார். யார் என்ன என்று கேட்கவில்லை. பிளாஸ்டிக் கோப்பையில் ஒரு கரண்டி போட்டு நீட்டினார். கோதுமை, கொண்டைக்கடலை, பயறு, உலர் திராட்சை, மேலே மாதுளை முத்து. கோதுமை பல்லில் நின்றது. இனிப்பு லேசாகத்தான் இருந்தது. அண்ணன் தின்றுகொண்டே, "சார், இது நம்ம ஊரு அசனம் மாதிரில்லா இருக்கு" என்றார். அசனம் என்பது அவர்கள் ஊர்த் தேவாலயத்தில் எல்லோருக்கும் போடும் பொதுச் சாப்பாடு.

எங்கள் காலுக்குக் கீழே, இருட்டில், டெலெஸ்டெரியோன் மண்டபம். ஒரு பக்கம் சுமார் 50 மீட்டர் நீளமுள்ள சதுர மண்டபம் அது. பாறையில் வெட்டிய படிகளில் உட்கார்ந்து பழங்காலத்தார் சடங்கைப் பார்த்திருக்கிறார்கள். அடிமைகளுக்கும் பெண்களுக்கும் அனுமதி உண்டு. கிரேக்கம் பேசத் தெரிய வேண்டும், கொலைப்பழி இருக்கக்கூடாது, அவ்வளவுதான். உள்ளே பார்த்ததை வெளியே சொன்னால் மரண தண்டனை. கி.மு. 415இல் ஏதென்ஸின் தளபதி அல்சிபியாடிஸ் இந்தச் சடங்கைக் கேலி செய்து நடித்தார் என்ற குற்றச்சாட்டு ஏதென்ஸின் அரசியலையே கவிழ்த்தது. இவ்வளவு கட்டுக்காவலோடு இருந்ததால் உள்ளே என்ன நடந்தது என்பது இன்றுவரை யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஆனால் விதைப்புக் காலத்தில் தானியத்தோடு ஒரு தாயிடம் வருவது அதே குன்றில் இன்றும் நடக்கிறது.

7 நவம்பர் 2024

"அப்படியானால் டெமீட்டர் வழிபாடு 1,600 ஆண்டுகளாக அறுபடாமல் தொடர்கிறது என்கிறீர்களா?" இப்படி ஒருவர் கேட்டிருக்கிறார்.

அப்படிச் சொல்ல ஆதாரம் வேண்டும். கி.பி. 396இல் அலாரிக் தலைமையில் வந்த கோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ஊரைச் சூறையாடினார்கள். நடுவில் ஊர் சுருங்கி ஒரு சிறு கிராமம் ஆனது. 1922க்குப் பிறகு சின்ன ஆசியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, அகதிகள் ஏராளமாக வந்து குடியேறினார்கள். ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக ரகசியமாக டெமீட்டரைக் கும்பிட்டு வந்தது என்பதெல்லாம் கற்பனை. பலவகைத் தானியத்தை வேக வைத்துப் படைப்பது கிரீஸின் வேறு ஊர்களிலும் உண்டு.

நான் சொல்வது இதைவிட எளியது. ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகாப் பகுதியில் விதைப்பு அக்டோபர், நவம்பரில். மழை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. அந்த வாரத்தில் விவசாயி யாரிடமாவது கேட்டாக வேண்டும். டெமீட்டர் போனால் மாதா. தேவை மண்ணிலிருந்து வருகிறது, மண் மாறவில்லை. கதையை உயிரோடு வைத்திருப்பது அந்தத் தேவைதான் என்று நினைக்கிறேன்.

9 நவம்பர் 2024

விளக்கேற்றியதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது, அதுவும் 1801இலிருந்து.

அந்த ஆண்டு எட்வர்ட் டேனியல் கிளார்க் என்ற ஆங்கிலேயர் எலூசிஸுக்கு வந்தார். ஒரு களத்துமேட்டு ஓரத்தில் கழுத்துவரை சாணமும் எருவும் குவிந்து கிடக்க, நடுவில் பிரம்மாண்டமான பெண் சிலை. ஊர்க்காரர்கள் அதை வயலுக்கு வளம் தரும் தெய்வமாகவே நடத்தினார்கள். திருநாள்களில் அதன் முன் விளக்கு வைத்தார்கள். சிலையை எடுத்தால் விளைச்சல் போய்விடும் என்று நம்பினார்கள். அவளைப் புனிதர் டெமெட்ரா என்று சொல்லும் கதைகளையும் பிற்காலப் பயணிகள் அங்கே கேட்டிருக்கிறார்கள். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் புனிதர் பட்டியலில் அப்படி ஒரு பெண் கிடையாது.

கிளார்க் ஏதென்ஸின் துருக்கிய ஆளுநரிடம் அனுமதி வாங்கினார். அதற்காக ஒரு ஆங்கிலத் தொலைநோக்கியைப் பரிசாகக் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். சிலையை நகர்த்த இருந்த வேளையில் ஒரு எருது கட்டை அறுத்துக்கொண்டு வந்து சிலையை முட்டிவிட்டுக் கத்திக்கொண்டே ஓடியதாம். ஊரே இனி இதைத் தொடமாட்டோம் என்று ஒதுங்கியது. ஊர்ப் பாதிரியார் பூசை உடுப்போடு வந்து முதல் மண்வெட்டி போட்ட பிறகுதான் ஆட்கள் கை வைத்தார்கள். இந்தச் சிலை ஏறும் கப்பல் மூழ்கும் என்றும் ஊரில் சொன்னார்கள். அது ஏறிய 'பிரின்சஸா' கப்பல் இங்கிலாந்தின் பீச்சி ஹெட் அருகே உடைந்தது. சிலையை மட்டும் மீட்டார்கள். இன்று அது கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இன்னொன்று. அது டெமீட்டர் சிலையே இல்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமப் பிரபு ஆப்பியஸ் கிளாடியஸ் புல்கர் கட்டத் தொடங்கிய நுழைவாயிலில் தூணாக நின்ற பெண் உருவம். தலையில் சடங்குப் பெட்டி. அவளுடைய ஜோடி எலெஃப்சினா அருங்காட்சியகத்திலேயே இருக்கிறாள். முகம் சிதைந்திருந்தாலும் தலைமேல் பெட்டியில் கோதுமைக் கதிரும் கசகசாக் காயும் செதுக்கியிருப்பது தெளிவாகத் தெரியும். சிலையின் பெயர் ஊருக்குத் தேவைப்படவில்லை. கதிர் சுமந்த ஒரு பெரிய பெண் வயலோரத்தில் நின்றாள், போதும்.

10 நவம்பர் 2024

கேம்பிரிட்ஜ் சிலையைக் கிரீஸுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். ஆம். ஏதென்ஸின் பார்த்தெனன் கோயிலிலிருந்து எல்ஜின் பிரபு லண்டனுக்குக் கொண்டுபோன சிற்பங்களைப் பற்றி உலகமே பேசுகிறது, இவளைப் பற்றிப் பேச ஆளில்லை. பார்த்தெனன் சிற்பங்களுக்கு யாரும் எருப் போடவில்லை, விளக்கு வைக்கவில்லை. இவளைப் பெயர்த்தபோது வழிபாட்டில் இருந்த தெய்வத்தைப் பெயர்த்தார்கள். அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

15 நவம்பர் 2024

பள்ளியில் எல்லோரும் படித்தது: பெர்செஃபோனி பாதாளத்தில் இருக்கும் காலம் குளிர்காலம், மேலே வருவது வசந்தம். எலெஃப்சினாவில் நவம்பரில் நின்று பாருங்கள், அந்தப் பாடம் ஆட்டம் காணும். கோடையில் அட்டிகா எரிந்துபோன நிறத்தில் இருக்கிறது. ஜூன் தொடங்கி செப்டம்பர்வரை மழை என்பதே அபூர்வம். முதல் மழை விழுந்ததும்தான் பாறை இடுக்கெல்லாம் பச்சை எட்டிப்பார்க்கிறது. இடிபாடுகளுக்கு நடுவே சைக்ளமன் பூத்திருந்ததை நானே பார்த்தேன். அங்கே நவம்பர் தொடக்கம். முடிவு மே, ஜூன்.

இதை வைத்து அறிஞர் சிலர் வேறு விளக்கம் சொன்னார்கள். மார்ட்டின் நில்சன் அவர்களில் முக்கியமானவர். அறுவடை முடிந்ததும் விதைத் தானியத்தை நிலத்தடிக் குதிரில் மூடி வைப்பார்கள். கோடை நான்கு மாதமும் அது மண்ணுக்குள். இலையுதிர் காலத்தில் விதைக்க எடுப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு என்பது அதுதான். அதாவது பெர்செஃபோனி காணாமல் போவது வெயிலில், பனியில் இல்லை. பெரிய சடங்கும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில், விதைப்புக்குச் சற்று முன்னால்தான் நடந்தது. குளிர்கால விளக்கம் வட ஐரோப்பாவில் பனிக்குள் உட்கார்ந்து படித்தவர்களுக்கு இயல்பாகத் தோன்றியிருக்கும்.

16 நவம்பர் 2024

நேற்றைய குறிப்புக்கு நல்ல எதிர்ப்பு வந்திருக்கிறது. இந்தக் கதையைச் சொல்லும் பழைய கிரேக்கப் பாட்டான, டெமீட்டரைப் பாடும் ஹோமரியத் துதியிலேயே மகள் வசந்தப் பூக்கள் மலரும்போது மேலே வருவாள் என்று நேராகவே இருக்கிறதே என்கிறார் ஒருவர். உண்மை, அப்படித்தான் இருக்கிறது. நில்சன் விளக்கத்துக்கு அது பெரிய முட்டுக்கட்டை, பலர் அதனாலேயே அதை ஏற்கவில்லை.

இரவு காவலில் இருந்தபோது இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். துதியில் அவள் பறிக்கிற பூக்களைப் பாருங்கள்: ரோஜா, குரோக்கஸ், வயலட், ஐரிஸ், ஹயசிந்த், கடைசியில் அந்தப் பொறியான நார்சிசஸ். கிரீஸில் குரோக்கஸிலும் நார்சிசஸிலும் இலையுதிர் காலத்தில் பூப்பவை உண்டு. ரோஜா அப்படி இல்லை. ஒரே புல்வெளியில் எல்லாப் பருவத்துப் பூவும் ஒன்றாக நிற்கிறது! துதியைப் பாடியவர் நாட்காட்டி எழுதவில்லை. உழவன் கணக்கில் ஒரு திரும்பிவருதல், பூப்பறிக்கும் பெண்ணின் கணக்கில் இன்னொன்று. கதை இரண்டுக்கும் இடம் கொடுத்தது, அதனால்தான் இத்தனை காலம் தாங்கியது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நமக்குத்தான்.

24 நவம்பர் 2024

ஏதென்ஸிலிருந்து எலெஃப்சினாவுக்குப் போகும் வழியைப் பற்றி. பழைய ஊர்வலப் பாதையின் பெயர் புனித வழி, இயேரா ஓடோஸ். ஏதென்ஸின் கெராமெய்கோஸ் பகுதியில் தொடங்கும் அந்தச் சாலை இன்றும் அதே பெயரில் இருக்கிறது. டயர் கடை, பெட்ரோல் பங்க், இரவு விடுதி எல்லாம் அதன்மேல்தான். பஸ் போகிறது. பல கிலோமீட்டருக்குப் பழைய தடத்தை ஒட்டியே போகலாம்.

வழியில் ஓர் ஒலிவ மரம் நின்றது. பிளேட்டோவின் மரம் என்று ஊரார் சொல்வார்கள். 1976இல் ஒரு பஸ் மோதி அது முறிந்தது. அடிமரத்தின் துண்டை வேளாண் பல்கலைக்கழகத்தில் வைத்திருக்கிறார்கள். அப்புறம் டாஃப்னி மடாலயம்; அப்போலோவின் கோயில் இருந்த இடத்தில் எழுந்தது. பழைய தூண்களில் ஒன்றுதான் சுவரில் மிச்சம், மற்றவற்றை எல்ஜின் பிரபு எடுத்துப்போனார். மலை இறங்கினால் கடலோரத்தில் ஒரு சிறு ஏரி. பயண நூல் எழுதிய பௌசானியாஸ் என்ற கிரேக்கர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இந்த வழியாக வந்தபோது, இங்கிருந்த உப்பு நீரோடைகள் டெமீட்டருக்கும் மகளுக்கும் உரியவை, பூசாரிகள் மட்டுமே மீன் பிடிக்கலாம் என்று எழுதினார். அந்த ஏரிக்குப் பக்கத்தில் இன்று சுத்திகரிப்பு ஆலை. வண்டிகள் நூறில் பறக்கின்றன. நான் பார்த்தபோது நாணல் ஓரத்தில் நீர்க்கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன.

இந்த ஊர்வலத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம்: கெஃபிசோஸ் ஆற்றுப் பாலத்தில் முக்காடு போட்ட ஆட்கள் உட்கார்ந்துகொண்டு, வருகிற பெரிய மனிதர்களை வாய்க்கு வந்தபடி வசைபாடுவார்கள். யாரும் கோபிக்கக்கூடாது. துக்கத்தில் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்த டெமீட்டரை இயாம்பே என்ற பணிப்பெண் பச்சையாகக் கேலி பேசிச் சிரிக்கவைத்தாள் அல்லவா, அந்த நினைவோடு இதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. சாவைப் பற்றிய சடங்குக்குப் போகும் வழியில் சிரிப்பை வைத்தவர்கள் மனிதர்களை நன்றாக அறிந்தவர்கள்.

8 டிசம்பர் 2024

பாதாளம் என்ற எண்ணமே கிரீஸின் நிலத்திலிருந்து வந்ததா என்று ஒரு கேள்வி. என் பதில், பெருமளவுக்கு ஆம். கிரீஸ் சுண்ணாம்புக்கல் நாடு. மேட்டுச் சமவெளியில் ஆறு ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென ஒரு பொந்துக்குள் விழுந்து மறைந்துவிடும். பல மைல் தள்ளி, சில வேளை கடலுக்குள்ளேயே, நல்ல தண்ணீராக எழும்பும். ஆர்கோஸ் வளைகுடாவில் கடலுக்குள்ளிருந்து நன்னீர் பொங்குவதைப் பௌசானியாஸ் எழுதியிருக்கிறார். மான்டினியா பக்கத்துச் சமவெளியில் மறையும் தண்ணீர்தான் அது, ஆர்கோஸ்காரர்கள் கடல் தெய்வமான பொசைடனுக்கு அங்கே கடிவாளம் பூட்டிய குதிரைகளை மூழ்கடித்துப் பலியிட்டார்கள் என்கிறார். அந்த ஊற்று இன்று கிவேரி கிராமத்துக்கு அருகில் இருக்கிறது, அனாவாலோஸ் என்பார்கள். கடலுக்குள் அரைவட்டமாகச் சுவர் கட்டி, உப்புநீரைத் தடுத்து, நன்னீரை இறைத்து ஆர்கோலிட் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு அனுப்புகிறார்கள். பம்ப் வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சுவரின்மேல் நின்று ஒரு பக்கம் அலையும் மறு பக்கம் பளிங்கு போன்ற ஊற்றும் பார்ப்பது எந்தக் கோயிலுக்கும் குறைந்ததில்லை.

அதே கரையில் கொஞ்சம் வடக்கே லெர்னா. புராண வீரன் ஹெராக்ளீஸ் ஹைட்ராவைக் கொன்ற சதுப்பு. ஒரு தலையை வெட்டினால் இரண்டு முளைக்கும் பாம்பு. ஓர் ஊற்றை அடைத்தால் வேறு இரண்டு இடத்தில் பீறிடும் தண்ணீர். இந்த ஒப்புமையைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். நிரூபிக்க முடியாது. ஆனாலும் அங்கே தரையில் எங்கு பார்த்தாலும் நீர் கசிவதைப் பார்த்தவர்கள் இதை எளிதில் தள்ளமாட்டார்கள். பக்கத்திலிருந்த அல்சியோனியக் குளத்தின் ஆழத்தை அளக்க நீரோ மன்னன் கயிற்றோடு கயிறு முடிந்து ஈயக் குண்டு கட்டி இறக்கியும் தரை தட்டவில்லை என்கிறார் பௌசானியாஸ். அந்தக் குளத்தின் வழியாகத்தான் மதுவின் தெய்வம் டயோனிசஸ் தன் தாயை மீட்கப் பாதாளம் இறங்கினானாம்.

கிரீஸின் வடமேற்கில் உள்ள எபிரஸில் அக்கெரோன் ஆறு. இறந்தவர்களைக் காரோன் படகில் ஏற்றிக் கடத்துவதாகப் புராணம் சொல்லும் ஆறு. கிளிக்கி கிராமத்தில் கோடையில் குடும்பம் குடும்பமாக முழங்கால் அளவு ஐஸ் தண்ணீரில் நடக்கிறார்கள், குழந்தைகள் கூழாங்கல்லுக்கு அடியிலிருந்து ஊறும் நீரில் கை வைத்துக் கூச்சலிடுகிறார்கள். நானும் மனைவியும் விடுமுறையில் போயிருந்தோம். அவள் கேட்டாள், "ஏங்க, எமலோகத்து ஆறுன்னு சொன்னீங்க, இவ்வளவு அழகா இருக்கே?" என்னிடம் பதில் இல்லை. ஆறு கீழே சமவெளியில் முன்பு சதுப்பு ஏரியாகத் தேங்கி நின்றது, அதை இருபதாம் நூற்றாண்டில் வடித்துவிட்டார்கள். பழைய பயணி கண்ட இருண்ட நீர் அதுவாக இருக்கலாம்.

அங்கே மேட்டில் நெக்ரோமான்டெயோன் என்று ஓர் இடம் காட்டுகிறார்கள். 1958 முதல் சோடிரியோஸ் டகாரிஸ் தோண்டி, இறந்தவர்களிடம் குறி கேட்ட கோயில் இதுதான் என்றார். தடித்த சுவர், வளைந்து வளைந்து போகும் நடை, நிலத்தடியில் கல் வளைவுகள் தாங்கும் அறை. அங்கே கிடைத்த வெண்கலச் சக்கரங்களைப் பூசாரிகள் ஆவி வேடத்தில் மேலேறி இறங்கும் பொறி என்றார். 1979இல் டீட்வுல்ஃப் பாட்ஸ் அவை கேட்டபல்ட் என்ற எறிபொறியின் பாகங்கள் என்று காட்டினார். இன்று அதை அரண் கட்டிய பண்ணை வீடு என்று கருதுபவர்கள் அதிகம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் இந்த ஆற்றங்கரையில் குறி கேட்கும் இடம் ஒன்று இருந்ததைப் பழைய வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் சொல்கிறார்: கொரிந்தின் சர்வாதிகாரி பெரியாண்டர் செத்துப்போன மனைவியிடம் கேள்வி கேட்க ஆளனுப்பினான். ஆகவே ஆறு சரி, கட்டடம்தான் சந்தேகம்.

9 டிசம்பர் 2024

காரோன் பற்றி நேற்று எழுத விட்டது. அவன் செத்துப்போகவே இல்லை. கிரேக்க நாட்டுப்பாடல்களில் அவன் பெயர் காரோஸ். படகை விட்டுக் குதிரை ஏறிவிட்டான். ஒரு பாடலில் மலைகள் ஏன் கருத்துக் கிடக்கின்றன என்ற கேள்விக்கு, காரோஸ் செத்தவர்களை அழைத்துக்கொண்டு அவ்வழியே போகிறான் என்று பதில் வரும். இளைஞர்கள் முன்னே, கிழவர்கள் பின்னே, பச்சைக் குழந்தைகள் சேணத்தில் வரிசையாக. ஊருணிப் பக்கம் நிறுத்து, தண்ணீர் குடித்துக்கொள்கிறோம் என்று கெஞ்சுகிறார்கள். அவன் மாட்டேன் என்கிறான். தண்ணீர் எடுக்க வரும் தாய்மார் பிள்ளைகளை அடையாளம் கண்டுவிட்டால் பிரிக்க முடியாதே!

இறந்தவர் நினைவுநாளுக்குக் கிரேக்கர்கள் செய்யும் கோலிவாவிலும் வேக வைத்த கோதுமை, அதில் மாதுளை. புத்தாண்டில் வாசலில் மாதுளையைப் போட்டு உடைப்பார்கள்.

12 ஜனவரி 2025

"தமிழ்நாட்டோடு தொடர்பு ஏதாவது?" ஒன்று உண்டு, அதோடு நிறுத்திக்கொள்கிறேன். கி.மு. 300 வாக்கில் சந்திரகுப்த மௌரியரிடம் தூதராக வந்த மெகஸ்தனிஸ் சொன்னதாகப் பிற்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன் எழுதுவது: இந்தியாவில் ஹெராக்ளீஸுக்குப் பண்டேயா என்று ஒரே மகள், அவளுக்கு அவன் கொடுத்த நாட்டுக்கு அவள் பெயரே. கடலில் முத்தைக் கண்டெடுத்து மகளுக்கு அணிவித்தான். பெண் ஆளும் நாடு, முத்து இரண்டையும் பார்த்து இதைப் பாண்டிய நாட்டோடு சேர்த்துப் பேசுகிறார்கள் அறிஞர்கள். இதிலிருந்து பாண்டியர் கிரேக்க வம்சம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கிரேக்கர் போன இடமெல்லாம் அந்த ஊர்க் கதையில் தங்கள் ஹெராக்ளீஸைக் கண்டார்கள். கதை ஊரோடு ஒட்டுவது அப்படித்தான் நடக்கிறது.

20 ஜூலை 2025

இன்று கிரீஸ் முழுக்கப் புனித எலியாஸ் திருநாள், அதனால் இழையை மறுபடி எடுக்கிறேன். கிரீஸில் எந்த மலை உச்சியைப் பார்த்தாலும் வெள்ளையாக ஒரு சிற்றாலயம், பெரும்பாலும் எலியாஸ் தீர்க்கதரிசியுடையது. ஒலிம்பஸில்கூட அவர் பெயரில் ஒரு சிகரம், அதன்மேல் 2,803 மீட்டரில் ஆலயம். நெருப்புத் தேரில் வானம் ஏறியவர், மழை தருபவர், இடி அவருடைய தேரின் ஓசை. சூரிய தேவன் ஹீலியோஸின் இடத்தையும் ஜீயஸின் இடத்தையும் அவர் பிடித்தார் என்பார்கள். விவிலியத்து எலியாவுக்கே மலையும் தேரும் மழையும் உண்டு என்பதால் அதை முழுதாக ஏற்கத் தயங்குகிறேன்.

ஆனால் இந்த ஒரு கதையில் எனக்குத் தயக்கமே இல்லை. கிரேக்க மீனவர்கள் சொல்வது: எலியாஸ் முதலில் மாலுமி. கடலில் பட்ட பாடு போதும் என்று துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு உள்நாட்டுக்கு நடந்தார். எதிர்ப்பட்டவரிடமெல்லாம் இது என்ன என்று கேட்டார். துடுப்பு என்றால் மேலே நடப்பார். கடைசியில் ஒரு மலையில் ஒருவன், அது ஒரு கட்டை என்றான். இங்கேதான் நான் இருப்பேன் என்று அங்கேயே தங்கிவிட்டார். ஹோமரின் ஒடிசி காவியத்தில், பாதாளத்தில் குறிசொல்லி டைரீசியஸின் ஆவி கதைத்தலைவன் ஒடிசியஸிடம் சொல்வது இதேதான்: துடுப்பைத் தூக்கிக்கொண்டு கடலறியாத மக்களிடம் போ, யாராவது அதைத் தூற்றுப்பலகை என்று சொன்னால் அங்கே அதை நட்டுப் பொசைடனுக்குப் பலியிடு. ஹோமருக்கும் கரையோர மீனவருக்கும் நடுவே புத்தகமா, வாய்வழியா, எது இருந்தது என்று பிரிக்கவே முடியாது.

ஹோமரை ஒரு வரிகூடப் படிக்காத எங்கள் ஃபிட்டர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அந்த ஊரு எங்கே இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க சார், நான் ரிட்டையர் ஆகிப் போயிருதேன்" என்றார். கடலில் வேலை செய்கிற எவனுக்கும் இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

22 ஜூலை 2025

போக நினைப்பவர்கள் கேட்டதற்கு: எலெஃப்சினாவுக்கு ஏதென்ஸிலிருந்து பஸ்ஸில் அரை நாளில் போய் வரலாம். நவம்பர் 20 மாலையாக அமைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பகலில் வளாகத்தையும் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு மாலைக்குக் காத்திருங்கள். கோடையில் போனால் கடற்கரையில் பழைய எண்ணெய் ஆலைக் கட்டடத்தில் அந்த ஊரில் பிறந்த பழைய நாடகாசிரியர் ஏஸ்கிலஸின் பெயரில் விழா நடக்கும், அதுவும் நன்று. அக்கெரோனில் நடக்க நீரில் நழுவாத செருப்பு அவசியம், கல் வழுக்கும். மலை உச்சி எலியாஸ் ஆலயங்கள் பல திருநாளன்று மட்டும்தான் திறக்கும். கேம்பிரிட்ஜில் இருப்பவர்கள் யாராவது ஃபிட்ஸ்வில்லியம் போனால், அந்தச் சிலையின் விளக்கப் பலகையில் எலூசிஸ் ஊர்க்காரர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படம் எடுத்து இங்கே போடுங்கள். அதற்குப் பிறகு திருப்பிக் கொடுப்பது பற்றித் தனியாக ஒரு இழை தொடங்கலாம்.